புகைபோக்கி இல்லாத கப்பல்

கேள்வி: 2007 ஜூலையில் சென்னைக்கு வந்து கடலில் நங்கூரமிட்டு நின்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் 'நிமிட்ஸ்' படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருந்தவன் நான். இப்போது ஒன்பதாவது படிக்கும் மகளோடு சேர்ந்து அதன் மாதிரியைச் செய்ய ஆசை. தரைத்தள வீடு. எந்த அளவில் செய்யலாம்? உள்ளே அணுஉலையும் வைக்கலாமா?
– வாசகர், முடிச்சூர்

பதில்: 1:700 அளவில் செய்யுங்கள். நிமிட்ஸின் நீளம் 333 மீட்டர். 1:350 என்றால் 95 சென்டிமீட்டர் வரும். அதைத் தூக்கி வைக்கவே இன்னொரு ஆள் வேண்டும். 1:700-இல் நாற்பத்தேழரை சென்டிமீட்டர்தான், அலமாரியின் மேல்தட்டில் அடங்கிவிடும். மேல்தட்டிலேயே வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூர்த் தரைத்தளங்களை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அணுஉலை வேண்டாம். இது அணுசக்தியில் ஓடும் கப்பல் என்பதை அதில் இல்லாத ஒன்றே சொல்லிவிடும்: புகைபோக்கி. நிமிட்ஸின் வயிற்றில் 2 அணுஉலைகள். அந்த வெப்பத்தில் உண்டாகும் நீராவி டர்பைன்களைச் சுழற்ற, 4 புரொப்பெல்லர்கள் கப்பலைத் தள்ளுகின்றன. எண்ணெய் எரிவதில்லை, புகையும் இல்லை. 2022-இல் கொச்சியில் கடற்படையில் சேர்ந்த நம் 'விக்ராந்த்' காஸ் டர்பைனில் ஓடுவது. அதன் மேல்தளக் கோபுரத்தில் புகைபோக்கி உண்டு. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, வித்தியாசத்தை மகளே கண்டுபிடிக்கட்டும். உலையைப் பற்றி மேலும் கேட்டால், உங்களுக்குத் தெற்கே கல்பாக்கத்தைச் சொல்லுங்கள். 'அரிஹந்த்' நீர்மூழ்கியின் உலைக்கு முன்மாதிரியைக் கரையிலேயே கட்டி ஓட்டிப் பார்த்த இடம் அது.

பிளாஸ்டிக் கிட் வாங்காமல் கையாலேயே செய்வதென்றால் சன்போர்டு நல்லது. தெர்மகோல் கூடாது; ஸ்ப்ரே பெயின்ட் பட்ட இடமெல்லாம் கரைந்து குழி விழும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். என் முதல் கப்பலுக்கு ஒரு மழை மாலையில் லாக்கர் அடித்தேன். ஐந்தே நிமிடத்தில் கருஞ்சாம்பல் தளம் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. காற்றின் ஈரம் பெயின்டில் இறங்கிய கோளாறு அது. மொத்தத்தையும் தேய்த்தெடுத்து மறுபடி அடித்தேன். தை பிறக்கட்டும், வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். அதற்காக மொட்டைமாடியில் காயப்போட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் இவ்வளவு நீளத் தளம் வளைந்துபோகும்.

என் மனத்துக்குப் பிடித்த வேலை தளத்தில்தான் இருக்கிறது. விமானம் இறங்கும் பாதை கப்பலின் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கமாகச் சாய்ந்து போகும்; அதை நேராக வரைந்துவிடாதீர்கள். பென்சில் முனையைச் சீவி, அந்தத் தூளை விரலில் தொட்டு, பாதையின் போக்கிலேயே லேசாக இழுங்கள். டயர் தேய்ந்த கருமை அப்படியே வந்துவிடும். இந்த அளவில் ஓர் எஃப்-18 விமானம் 24 மில்லிமீட்டர் நீளம், மாலுமி ஒருவர் கடுகு உயரம். பத்துப் பன்னிரண்டு விமானங்கள் போதும். அவற்றை மகளிடம் விட்டுவிடுங்கள், அவள் விரல்கள் உங்களுடையதைவிடச் சின்னவை.

முடித்ததும் விக்ராந்தையும் இதே அளவில் செய்து பக்கத்தில் வையுங்கள். அதன் நீளம் 262 மீட்டர். உங்கள் அலமாரியில் முப்பத்தேழரை சென்டிமீட்டர்.