இருமலில் இரத்தம் கண்டால்

இருமலில் இரத்தம் வந்தால் காசநோய் என்றே நாம் எண்ணுகிறோம். நம் மணிமங்கலத்திற்கு அருகில், தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை இருப்பதால் இவ்வெண்ணம் இயல்பே. ஆனால் காரணம் அது ஒன்று மட்டுமன்று. மார்பகம், சிறுநீரகம், பெருங்குடல் முதலியவற்றில் தோன்றிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, மூச்சுக்குழாயின் சுவரை அரித்தாலும் இரத்தம் வரும்.

இரத்தம் மிகுதியாக வரும்போது பெரும் ஆபத்து மூச்சடைப்பே. ஆகவே, எந்த நுரையீரலில் கசிவு என்று தெரிந்தால் அப்பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மற்றொரு நுரையீரல் காப்பாற்றப்படும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கருநிறத் துண்டைப் பயன்படுத்தினால் இரத்தம் பளிச்சென்று தெரியாது. நோயாளியின் அச்சம் குறையும்.

மருத்துவர்கள் சளிப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து காரணம் அறிவர். சிறு கசிவை டிரனெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் குறைக்கலாம். பெருங்கசிவாயின், தொடையின் இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் தமனியை நுண்துகள்களால் அடைப்பர். புற்றுநோய் முற்றிய நிலையிலும் இரத்தத்தை நிறுத்தவும், மூச்சுத்திணறலைத் தணிக்கவும் வழியுண்டு.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். அவர் துயரம் பலருக்கு மருந்தாயிற்று. நம் இல்லத்தில் தாயோ பாட்டியோ இரத்தக்கறை படிந்த துணியை ஒளித்து வைத்தால், அன்போடு பேசி அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கடமை அது.