‘சார்ஜ்’ என்னும் சொல்

நம் கடைகளில் நாள்தோறும் பத்துத் தடவையாவது புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘சார்ஜ்’ என்பதும் ஒன்று. “டெலிவரி சார்ஜ் எவ்வளவு?” என்கிறோம், “போனில் சார்ஜ் இல்லை” என்கிறோம். தெரிந்த சொல்தானே என்று அதை நாம் ஆராய்வதில்லை. தெரியாத சொல்லையாவது பிறரிடம் விசாரித்து அறிவோம். தெரிந்ததாக எண்ணும் சொல்லோ நம்மை ஏமாற்றிவிடுகிறது.

நாம் அறிந்த மளிகை வியாபாரி ஒருவர், தம் தொழிலைச் சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனியாகப் பதிந்து நடத்தி வந்தார். சரக்குக் கொள்முதலுக்கு வங்கியில் கடன் கேட்டார். வந்த கடிதத்தில் ‘புளோட்டிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தது. கையொப்பமிடும் வேளையில், “இந்தச் சார்ஜ் எத்தனை வெள்ளி?” என்று கேட்டார். எதிரே இருந்த தமிழ் எழுத்தர், “பாய், இது கட்டணமன்று, உங்கள் கடைச் சரக்கின்மேல் வங்கிக்குள்ள பிடி” என்றார். பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வாரம் அவகாசம் கேட்டார். கேட்டதனால் அவர் அறிந்தார். கேளாமல் கையொப்பமிடுவோரின் நிலை என்ன?

இச்சொல்லின் வேரைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் ‘காருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுதல் என்னும் பொருளில் அதிலிருந்து ஒரு சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘சார்ஜ்’ ஆயிற்று. துறைமுகத்தில் நாம் சொல்லும் ‘கார்கோ’வும் இதன் உடன்பிறப்பே. ஆகவே ‘சுமை ஏற்றுதல்’ என்பதே மூலப்பொருள். இதை நினைவில் வைத்தால் மற்றப் பொருள்கள் யாவும் விளங்கும்.

1. கட்டணம்: வாங்குவோர்மேல் ஏற்றும் பணச்சுமை. ‘பிரீ ஆப் சார்ஜ்’ என்றால் இலவசம். உணவகப் பில்லில் வரும் ‘சர்வீஸ் சார்ஜ்’ கடைக்காரர் விதிப்பது, அரசாங்க வரியன்று. சிங்கப்பூரில் அது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து.

2. பற்று: ‘என் கணக்கில் சார்ஜ் செய்’ என்றால், என் பேரேட்டில் பற்று எழுது என்பதாகும்.

3. பொறுப்பு: ‘இன் சார்ஜ்’ என்பவர் பொறுப்பாளர். ‘பொறு’ என்றால் தாங்கு என்பதே. தமிழிலும் இது சுமைதான். ஒரு சிறு கண்ணியைக் கவனியுங்கள். ‘இன் சார்ஜ் ஆப்’ என்றால் பொறுப்பு வகிப்பவர். நடுவே ‘தி’ சேர்த்து ‘இன் தி சார்ஜ் ஆப்’ என்றால் பிறர் பொறுப்பில் இருப்பவர். ஒரு சிறு சொல்லால் முதலாளி பிள்ளையாகவும், பிள்ளை முதலாளியாகவும் மாறிவிடுவர்.

4. குற்றச்சாட்டு: நாமும் ‘குற்றம் சுமத்துதல்’ என்றுதானே சொல்கிறோம்! ஒருவர் ‘சார்ஜ்’ செய்யப்பட்டார் என்பதால் குற்றவாளி ஆகிவிடார். வழக்கு மன்றத்தில் வைக்கப்பட்டது என்பதே பொருள்.

5. ஈடு: வணிகர் மிகவும் கவனிக்க வேண்டியது இது. மலேசியத் தீபகற்பத்தில் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, நிலத்தின்மேல் பதியப்படும் ‘சார்ஜ்’ கடனுக்கான பிணை. மலாயில் இதனைக் ‘காடாயான்’ என்பர். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். தவணை தவறினால் ஏலத்துக்கு வரக்கூடும். சிங்கப்பூரில் மத்திய சேமநிதிப் பணத்தில் வீடு வாங்கினால், அவ்வீட்டின்மேல் சேமநிதிக் கழகத்துக்கும் ‘சார்ஜ்’ உண்டு. நம் மளிகை வியாபாரி கண்ட ‘புளோட்டிங் சார்ஜ்’ கம்பெனியின் சரக்கின்மேல் மிதந்துகொண்டிருக்கும். சரக்கை வழக்கம்போல் விற்கலாம். கடன் முறிந்து வங்கி நடவடிக்கை எடுக்கும்போது, கைவசமுள்ள சரக்கை அது இறுகப் பற்றிக்கொள்ளும்.

6. மின்னேற்றம்: மின்கலத்தில் ஏற்றும் சுமை.

சுமையை ஏற்றினால் இறக்கவும் வேண்டுமன்றோ? அதுவே ‘டிஸ்சார்ஜ்’. கப்பல் சரக்கை இறக்குவதும், நோயாளி வீடு திரும்புவதும், கடன் தீர்வதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படும். இங்கே நம்மவர் பலர் தவறுவதுண்டு. வங்கிக் கடனின் கடைசித் தவணையைக் கட்டியவுடன் நிலம் விடுபட்டது என்று எண்ணிவிடுகின்றனர். மலேசியத் தீபகற்பத்தில் ‘16என்’ படிவத்தின்படி விடுவிப்பைப் பதிந்தால்தான் நிலப்பட்டாவிலிருந்து ‘சார்ஜ்’ நீங்கும். பதியாமல் விட்டால், பின்னாளில் நிலத்தை விற்கவோ பங்கிடவோ முயலும் பிள்ளைகள், தந்தையார் என்றோ தீர்த்துவிட்ட கடனுக்காக அலைய நேரிடும்.

ஆகவே, இனி எந்தக் காகிதத்தில் இச்சொல்லைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்போம். சுமை எது? அது யார்மேல் ஏற்றப்படுகிறது? எப்போது, எவ்வாறு இறங்கும்? மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே கையொப்பமிடுவோம். கேட்பதில் நமக்கு வெட்கம் வேண்டா.