முன்பணம் என்னும் விலங்கு

அடிமை முறை அடியோடு ஒழிந்துவிட்டதா? வீட்டுச் சாமான்களை ஊர்விட்டு ஊர் ஏற்றிச் செல்லும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமைதூக்குவோரை மேஸ்திரி முன்பணம் கொடுத்து அழைத்து வருகிறார். கூலியும் அவர் வழியே செல்கிறது. கடன் தீருமுன் ஆள் விலக முடியாதெனில், அது கொத்தடிமையே. அக்கடனைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்கிறது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே நிறுவனத்தார் செய்யத்தக்கவை மூன்று என்பேன்: கூலியைத் தொழிலாளியிடம் நேரே கொடுத்தல், அவருடைய அடையாள அட்டை அவரிடமே இருக்கச் செய்தல், மரப்பெட்டி செய்து தரும் பட்டறையிலும் இவற்றை விசாரித்தல். விடுதி மாறும் மாணவராகிய நாமும் வாடகை பேசுமுன் கேட்போம்: “சுமப்பவருக்குக் கூலி யார் கையால் போகிறது?”