கடை கைமாறும் காலம்: இடத்தைப் பற்றி எப்படி முடிவெடுப்பது?

மும்பையில் நம்மவர்கள் நடத்தும் கடைகள் பலவற்றில் இப்போது இரண்டாம், மூன்றாம் தலைமுறை கல்லாவில் அமரும் காலம். தந்தைக்கு வயதாகிவிட்டது; மகனுக்கு வேறு உத்தியோகம் கிடைத்துவிட்டது; அண்ணன் தம்பிகள் பாகம் பிரிய வேண்டும்; பழைய வாடிக்கைக்காரர்கள் தாணே, டோம்பிவிலி என்று குடிபோய்விட்டார்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று நேரும்போது, "கடையை என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

மாட்டுங்கா, சயான், செம்பூர், தாராவிப் பகுதிகளில் நெடுங்காலமாகக் கடைக் கணக்கு எழுதி வருகிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆண்டே இல்லை. நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: இது ஒரு கேள்வியல்ல, இரண்டு கேள்விகள். தொழிலை என்ன செய்வது என்பது ஒன்று. இடத்தை என்ன செய்வது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் நல்ல தொழில் இடத்தோடு போய்விடும். அல்லது நலிந்த தொழிலுக்காக நல்ல இடம் வீணாகும்.

1. நம் கையில் இருப்பது என்ன உரிமை?

இங்கே கடை என்பது பெரும்பாலும் மூன்று வகை. சொந்தக் கடை, பக்டிக் கடை, லீவ் அண்ட் லைசென்ஸ் கடை.

சொந்தக் கடை என்றால் விற்கலாம், வாடகைக்கு விடலாம். சொசைட்டி கடையாக இருந்தால் பங்குச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நாமினியாகப் பெயர் எழுதிவிட்டதாலேயே அந்த நபர் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. மற்ற வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது.

பக்டிக் கடை என்றால் நீங்கள் பெருந்தொகை கொடுத்திருந்தாலும் சட்டப்படி வாடகைதாரரே. பழைய 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பக்டி வாங்குவது குற்றமாக இருந்தது. 31.3.2000 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 தன் 56 ஆம் பிரிவில் அதை அனுமதித்தது. ஆனாலும் கட்டட உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் கடையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. மாற்றும்போது வரும் தொகையில் அவர் ஒரு பங்கு கேட்பதும் வழக்கம். சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டால், காலி செய்யச் சொல்லி வழக்குப் போட அதுவே காரணமாகும். "பார்ட்னர்" என்று பத்திரம் எழுதிவிட்டுக் கடையை முழுவதுமாக அவர் கையில் கொடுத்துவிடுவதும் உள்வாடகையாகவே கருதப்படும்.

லீவ் அண்ட் லைசென்ஸ் என்றால் இடத்தைப் பயன்படுத்த ஓர் அனுமதி மட்டுமே. காலம் முடிந்ததும் கிளம்ப வேண்டும். இங்கே நம் சொத்து, வாடிக்கைக்காரர்களும் டெபாசிட்டும்தான். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும் என்கிறது 55 ஆம் பிரிவு. பதிவு செய்யும் பொறுப்பு உரிமையாளருடையது.

2. நமக்கு நாமே வாடகை

"எங்களுக்கு வாடகை கிடையாது, அதனால் கடை ஓடுகிறது" என்று பலர் சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சொந்தக் கடை ஒன்றில் மாதம் ரூ. 55,000 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கடையை வெளியே விட்டால் ரூ. 35,000 வாடகை வரும். கடையில் சம்பளமில்லாமல் உழைக்கும் இருவர் வெளியே வேலைக்குப் போனால் ஆளுக்கு ரூ. 20,000 கிடைக்கும். இரண்டும் சேர்ந்து ரூ. 75,000. அப்படியானால் தொழில் மாதம் ரூ. 20,000 நஷ்டத்தில் ஓடுகிறது. இடம்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

இதனால் உடனே கடையை மூட வேண்டும் என்பதில்லை. மகன் புதிதாகக் கற்றுக்கொள்ளும் காலமாக இருந்தால் அந்த நஷ்டத்தை ஓர் ஆண்டு பொறுக்கலாம். தெரிந்து பொறுப்பது வேறு, தெரியாமல் கரைவது வேறு.

பக்டிக் கடைக்கு இதே கணக்கு பொருந்தாது. அதை வெளியே வாடகைக்கு விட நமக்கு உரிமை இல்லையே. அங்கே ஒப்பிட வேண்டியது, உரிமையாளர் பங்கு போக நம் கைக்கு வரும் தொகையையும், அதற்கு வங்கியில் கிடைக்கக்கூடிய வட்டியையும். உரிமையின் வகையை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

3. முடிவு தெரியும்வரை ஷட்டர் திறந்திருக்கட்டும்

"ஊருக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறோம்" என்று பக்டிக் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தக்க காரணமின்றி ஆறு மாதம் கடையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அதைக் காட்டியே காலி செய்ய வழக்குத் தொடரலாம் என்று 16 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வியாபாரம் குறைந்தாலும் கடை நடக்கட்டும். வாடகை ரசீது, மின்சார பில், குமாஸ்தா லைசென்ஸ் எல்லாம் தொடர்ச்சியாக இருக்கட்டும்.

தந்தையோடு கடையில் இருக்கும் மகனோ மகளோ அங்கே வேலை செய்வதற்குக் காகிதத்தில் சான்று இருக்க வேண்டும். வியாபாரத்துக்கான வாடகை இடத்தில், வாடகைதாரர் காலமாகும் நேரத்தில் அவரோடு தொழில் செய்துவந்த குடும்பத்தினருக்கே சட்டம் முதலிடம் தருகிறது. அப்படி ஒருவரும் இல்லையென்றால்தான் மற்ற வாரிசுகள். அவர்களுக்குள் ஒப்பாவிட்டால் நீதிமன்றம்.

தனிநபர் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் ஆக்க நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் வேறொரு ஆள். தாத்தா பெயரில் உள்ள பக்டிக் கடையில் கம்பெனிப் பலகை மாட்டுவதற்கு முன் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

4. ஒரு பாத்திரக் கடையின் கதை

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பம். தாத்தா எடுத்த பக்டிக் கடை. அவர் காலமான பிறகும் ரசீது அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. மூத்த மகன் புனாவில் கம்ப்யூட்டர் வேலை. இளையவர் கடையில். ஒரே மகள் நாசிக்கில். நல்ல தொகைக்கு ஆள் வந்தபோது மூத்தவர் கொடுத்துவிடலாம் என்றார். அப்பாவோ, "நான் கண்ணை மூடும்வரை ஷட்டர் திறந்திருக்கணும்" என்றார்.

நான் மூன்று காரியங்கள் செய்யச் சொன்னேன். முதலில் ரசீதை அப்பா பெயருக்கு மாற்றுவது. இரண்டாவது, மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு விற்பனையும் எப்படி வந்தது என்று நோட்டில் குறிப்பது. மூன்றாவது, மகளையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுவது.

நோட்டு ஒரு விஷயத்தைக் காட்டியது. விற்பனையில் பாதிக்கு மேல் கல்யாணச் சமையல்காரர்களும் மண்டபக்காரர்களும் போனில் சொல்லும் ஆர்டர். அவர்கள் கடைக்கு வருவதே இல்லை. தொழிலுக்கு அந்தத் தெருமுனை தேவைப்படவில்லை. மகள் சொன்னது இன்னும் முக்கியம்: "எனக்குப் பணம் பெரிசில்லப்பா. என்னைக் கேக்காம செஞ்சா அதுதான் மனசுல நிக்கும்."

கட்டட உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தோடு கடையைக் கொடுத்தார்கள். வந்த தொகையில் பெற்றோர் பெயரில் ஒரு பகுதியை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மீதியைப் பிரித்தார்கள். இளையவர் குர்லா பக்கம் ஒரு கிடங்கை லீவ் அண்ட் லைசென்ஸில் எடுத்தார். முதல் ஆண்டு விற்பனை சரிந்தது. இரண்டாம் ஆண்டு பழைய நிலைக்கு வந்தது. அப்பா வாரம் இரண்டு நாள் அங்கே போய் பில் சரிபார்க்கிறார்.

5. புதிய இடம் எடுக்கிறவர்களுக்கு

லாக்-இன் காலம் உரிமையாளரைக் கட்டட்டும். நமக்கு மட்டும் இரண்டு, மூன்று மாத நோட்டீஸில் வெளியேற வழி கேளுங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கேட்டால்தான் தெரியும். டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அலமாரி, விளக்கு மாட்டும் நாட்களுக்கு வாடகை வேண்டாம் என்று பேசுங்கள்.

கடை வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு பெறாதவராகவும் நாம் பெற்றவராகவும் இருந்தால், 10.10.2024 முதல் அந்த வரியைக் கட்டும் பொறுப்பு நம்முடையது. காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 16.1.2025 முதல் விலக்கு உண்டு. ஜி.எஸ்.டி. முகவரியையும் மாற்ற வேண்டும். உணவுத் தொழில் என்றால் புதிய இடத்துக்கு உணவு உரிமமும் வேண்டும். சரக்கு வாங்கும் பணத்தை எடுத்துக் கடை வாங்குவதை மட்டும் மாறும் காலத்தில் செய்யாதீர்கள்.

வீட்டுப் பாடம்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் ஐந்து பதில்களை எழுதுங்கள். கடை யார் பெயரில் இருக்கிறது? எந்த வகை உரிமை? நமக்கு நாமே வாடகையும் சம்பளமும் கொடுத்தால் என்ன மிஞ்சும்? வாடிக்கைக்காரர்கள் இடத்துக்காக வருகிறார்களா, நமக்காக வருகிறார்களா? மூன்று ஆண்டு கழித்துக் கல்லாவில் அமர யார் விரும்புகிறார்கள்?

கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் சார்பில் பெரியவர்கள் பதில் எழுத வேண்டாம். அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு, தாளை அவர்கள் கையில் கொடுங்கள்.