ஒரே மாட்யூல் எத்தனை முறை ஓடும்?

கேள்வி: நோட்.ஜேஎஸ்-இல் ஒரே மாட்யூலைப் பத்து கோப்புகள் ரெக்வயர் செய்தால், அது பத்து முறை ஓடுமா?

பதில்: ஓடாது, ஒரு முறைதான் ஓடும். ரெக்வயர் முதலில் கொடுத்த பெயருக்குரிய கோப்பைத் தேடுகிறது. எஃப்எஸ் போன்ற உள்ளமைந்த மாட்யூல் என்றால் தேடலே இல்லை. புள்ளியும் சாய்கோடுமாகத் தொடங்கினால், அழைக்கும் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து பாதை கணக்கிடப்படும். வெறும் பெயர் என்றால், அதே ஃபோல்டரின் நோட்_மாட்யூல்ஸில் தொடங்கி, ஒவ்வொரு படியாக மேலேறி ரூட் வரை தேடும்.

கோப்பு கிடைத்ததும் அதன் நிரல் ஐந்து அளவுருக்கள் கொண்ட ஒரு ஃபங்ஷனுக்குள் பொதியப்பட்டு ஓடுகிறது. அதனால்தான் அதில் அறிவிக்கும் மாறிகள் பிற கோப்புகளுக்குக் கசிவதில்லை. மாட்யூல் முழுப் பாதையின் பெயரில் கேஷில் பதிவாகிறது. அடுத்த அழைப்புகளுக்கு அங்கிருந்தே அதே எக்ஸ்போர்ட்ஸ் கிடைக்கும். ஒரே பேக்கேஜ் இரு வேறு நோட்_மாட்யூல்ஸில் இருந்தால் பாதை மாறுவதால், அது இருமுறை ஓடும்.

கேஷ் பதிவு நிரல் ஓடுவதற்கு முன்பே நடக்கிறது. ஆகவே 'அ' 'ஆ'வையும், 'ஆ' 'அ'வையும் அழைத்தால் முடிவற்ற சுழற்சி நேராது. ஆனால் 'ஆ'வுக்குப் பாதி நிரம்பிய எக்ஸ்போர்ட்ஸ்தான் கிடைக்கும்.

2015 ஜாவாஸ்கிரிப்ட் தரம் தந்த இம்போர்ட் முறையிலும் ஒரு முறைதான் ஓடும். ஆனால் அங்கே நிலையான இம்போர்ட்கள் அனைத்தும் முதலில் படித்து இணைக்கப்பட்ட பிறகே நிரல் ஓடத் தொடங்குகிறது.