காரின் 'கண்ணாடிப் போர்வை': கழற்றி மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வியாபாரிக்கு கார் என்பது வெறும் போக்குவரத்துச் சாதனமல்ல. அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கக்கூடிய முதலும் அதுவே. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த காரைக் காப்பாற்றிக்கொள்வதே பலருக்கு இலாபமாக இருந்தது. அப்படிக் காப்பாற்ற ஒட்டியவற்றுள் ஒன்றுதான் பீ.பீ.எப். எனப்படும் ஒளிபுகும் பாதுகாப்புப் படலம். இப்போது அவற்றுள் பல மஞ்சளாகி, ஓரம் கிளம்பி, மாற்றும் நிலைக்கு வந்துள்ளன. ஒட்டும்போது காட்டிய கவனத்தை விடக் கழற்றும்போதுதான் அதிக கவனம் தேவை. ஒட்டுவதில் பிழை நேர்ந்தால் நட்டம் படலத்தோடு போய்விடும். கழற்றுவதில் பிழை நேர்ந்தால் நட்டம் பெயின்டில் விழும்.

படலம் என்றால் என்ன?

வியட்நாம் யுத்த காலத்தில் அமெரிக்கப் படையினரின் ஹெலிகொப்டர் விசிறிகளை மணலிலிருந்தும் கற்களிலிருந்தும் காக்க உருவான யூரித்தேன் படலமே இதன் முன்னோடி. இன்றைய நல்ல படலம் டீ.பீ.யூ. எனும் யூரித்தேன் வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரோன் வரை தடிப்பு இருக்கும். மேலே கீறலைத் தாங்கும் மெல்லிய பூச்சு, நடுவில் யூரித்தேன், அடியில் பசை என மூன்று அடுக்குகள் உண்டு. சிறு கீறல்கள் வெயில் சூட்டில் தாமாகவே மறைவது மேற்பூச்சின் குணம். மலிவு விலையில் வரும் பீ.வீ.சீ. படலத்துக்கு இந்தக் குணம் இல்லை. அது விரைவில் மஞ்சளாகி, காய்ந்து, வெடிக்கும்.

எப்போது மாற்றுவது?

கழுவியும் போகாத மஞ்சள் நிறம், ஓரங்கள் கிளம்பி அழுக்குக் கோடு விழுதல், மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்பு, பசை விட்டுக் குமிழ் எழுதல் ஆகியவை தெளிவான அறிகுறிகள். வெடிப்புத் தொடங்கிய பின் தாமதிக்க வேண்டாம். காய்ந்த படலம் முழுத் துண்டாக வராது. நகத்தளவு துண்டுகளாக உடைந்து, பசையைப் பெயின்டிலேயே விட்டுச் செல்லும். அப்போது கூலியும் கூடும், ஆபத்தும் கூடும்.

முதற் கேள்வி: பெயின்ட் யாருடையது?

தொழிற்சாலைப் பெயின்ட் சுமார் 140 பாகை செல்சியஸ் சூட்டில் சுடப்பட்டு இறுகியது. நல்ல படலத்தை முறையாகக் கழற்றினால் அதற்குப் பெரும்பாலும் எதுவும் ஆகாது. ஆனால் கராஜில் டிங்கரிங் செய்து மீளப் பூசிய பெனலில் கிளியர் கோட் படலத்தோடு சேர்ந்து உரிந்து வரலாம். பிளாஸ்டிக் பம்பரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். எனவே எந்தப் பெனல் மீளப் பூசப்பட்டது என்பதை வேலை தொடங்குமுன் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் நட்டம் உங்களுக்கே.

பழைய கார் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயின்ட் தடிப்பை அளக்கும் கருவி படலத்தின் தடிப்பையும் சேர்த்தே காட்டும். படலத்தின் மேல் வைத்து 300 மைக்ரோன் காட்டினால் அது மீளப் பூசியதா, படலம் மட்டுமா என்று தெரியாது. படலம் இல்லாத கதவு ஓரத்தையும் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழற்றும் முறை

காரைக் கழுவி, வெயில் படாத இடத்தில் நிறுத்த வேண்டும். நீராவிக் கருவி அல்லது ஹீட் கன் மூலம் பசை இளகும் அளவுக்கு மட்டும் சூடு காட்ட வேண்டும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தால் பெயின்ட் பொங்கும். ஓரத்தைக் கிளப்பியதும் மேல்நோக்கித் தூக்கி இழுக்காமல், படலத்தைப் பின்பக்கமாக மடக்கி, பெனலுக்கு அருகில் தாழ்வாகப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். அவசரமே இங்கு எதிரி.

மிஞ்சிய பசையைப் பிளேட்டால் சுரண்டுவதும் தின்னர் ஊற்றுவதும் நம்மூரில் காணும் தவறுகள். தோடை எண்ணெய் கலந்த பசை நீக்கியையோ ஐசோபுரோபைல் அல்கஹோலையோ மென்மையான துணியில் தோய்த்துப் பொறுமையாகத் துடைப்பதே சரி. பின்னர் களிமண் கட்டியால் தேய்த்து, இலேசாகப் பொலிஷ் செய்தால் பழைய ஓரக் கோடும் பெருமளவு மறையும். மீளப் பெயின்ட் பூச நேர்ந்தால், அது நன்கு உலரக் குறைந்தது ஒரு மாதமாவது விட்டே புதுப் படலம் ஒட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

உதாரணமாக, 150,000 ரூபா படலம் 3 வருடம் உழைத்தால் வருடச் செலவு 50,000. 320,000 ரூபா படலம் 8 வருடம் உழைத்தால் வருடத்துக்கு 40,000 மட்டுமே. மலிவானதை அந்த எட்டு வருடத்துக்குள் இரண்டு தடவை கழற்றி மாற்றும் கூலியையும் பெயின்ட் ஆபத்தையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். முழுக் காருக்கும் ஒட்ட வசதியில்லையென்றால் கல் அடிபடும் பொனட், முன் பம்பர், முன் மட்கார்ட், பக்கக் கண்ணாடிகளுக்கு மட்டும் நல்லதை ஒட்டுவது புத்திசாலித்தனம்.

பணம் கொடுக்குமுன் இவற்றை எழுத்தில் பெறுங்கள்: படலத்தின் வகையும் தடிப்பும், உத்தரவாதம் எத்தனை வருடம், மஞ்சளாவதும் அதில் அடங்குமா, கழற்றும்போது பெயின்ட் உரிந்தால் பொறுப்பு யாருக்கு, பசை நீக்கும் கூலி விலைக்குள் உள்ளதா. வேலைக்கு முன் ஒவ்வொரு பெனலையும் இரு தரப்பும் சேர்ந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்வது கடைக்காரருக்கும் பாதுகாப்பு. கடையில் சரக்கு இறக்கும்போது எண்ணிப் பார்த்துத்தான் கையொப்பமிடுகிறோம். காரை ஒப்படைக்கும்போதும் அதே வழக்கத்தைக் கைக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.