மாடு ஏன் சினைக்கு வரலை? (அறிவியல் பகுதி)



நம்ம பாடிக்குப் பக்கத்துல, அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணை இருக்கு. அந்தப் பால் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. பசு கன்று போட்டால்தான் பால். கன்று வேணும்னா சினை பிடிக்க வேண்டும். சினைப் பருவமோ சுமார் 21 நாளுக்கு ஒருமுறைதான் வரும். வந்தாலும் முக்கால் நாளுக்கு மேல் நிற்காது. தவற விட்டால் இன்னொரு 21 நாள் தீவனச் செலவு தண்டம். ஒரே ஒரு மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா?

"மாடு ஏன் சார் பருவத்துக்கே வரலை?" என்று அவர்கள் கால்நடை டாக்டரிடம் கேட்பார்கள். விடை பல நேரம் கர்ப்பப்பையில் இல்லை, மூளையில் இருக்கிறது!

மூன்று படிகள்

ஹைபோதலாமஸ் → பிட்யூட்டரி → அண்டகம்

1. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் ஒரு சின்னப் பெப்டைடு ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் பெயர் ஜி.என்.ஆர்.ஹெச். பத்தே பத்து அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது.

2. அது குட்டி ரத்தக் குழாய்கள் வழியாகப் பிட்யூட்டரிக்குப் போகிறது. உடனே பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச், எல்.ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது.

3. எஃப்.எஸ்.ஹெச் அண்டகத்தில் முட்டைப் பையை வளர்க்கிறது. வளர்ந்த பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போனதும் எல்.ஹெச் அலை போல எழும்பும். அதன்பின் ஏறக்குறைய ஒரு நாள் கழித்து முட்டை வெளியே வரும்.

அண்டகமும் சும்மா இருப்பதில்லை. இன்ஹிபின் என்ற ஹார்மோனை அனுப்பி, "எஃப்.எஸ்.ஹெச் போதும், நிறுத்து" என்று பிட்யூட்டரிக்குச் சொல்லும்.

கண்டுபிடித்த கதை

ஷாலி, கில்லெமின் என்ற இருவரும் தனித்தனியாகப் போட்டி போட்டு இந்த ஹார்மோனைத் தேடினார்கள். ஷாலி குழுவினர் ஒன்றரை லட்சத்துக்கும் மேலான பன்றி மூளைகளின் ஹைபோதலாமஸைச் சேகரித்து, 1971-ல் அமினோ அமில வரிசையைச் சொன்னார்கள். இருவருக்கும் 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆச்சரியம் என்னன்னா, மாடு, ஆடு, பன்றி, மனிதர் எல்லாருக்கும் ஒரே வரிசைதான்!

அளவு அல்ல, தாளம்!

ஹார்மோன் நிறையக் கொடுத்தால் நிறைய வேலை நடக்கும் என்றுதானே நினைப்போம்? 1978-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நோபில் குழுவினர் குரங்குகளில் சோதித்தார்கள். மணிக்கு ஒருமுறை கொஞ்சமாக ஜி.என்.ஆர்.ஹெச் கொடுத்தபோது பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. விடாமல் செலுத்தியபோதோ எல்.ஹெச், எஃப்.எஸ்.ஹெச் இரண்டும் விழுந்துவிட்டன. ஓயாமல் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொள்வார் அல்லவா, அதுபோலத்தான்!

தட்டும் வேகமும் முக்கியம். வேகமாகத் தட்டினால் எல்.ஹெச் அதிகம், மெதுவாகத் தட்டினால் எஃப்.எஸ்.ஹெச் அதிகம்.

மாட்டுக்கு என்ன ஆச்சு?

தீவனம் போதாமல் மெலிந்த மாட்டில் இந்தத் தாளம் தளர்ந்துவிடும். கன்று ஓயாமல் மடி முட்டிக் குடித்தாலும் அப்படித்தான். "இருக்கிற உயிரையே காப்பாற்ற முடியலை, இன்னொரு உயிர் இப்போ வேண்டாம்" என்று மூளை முடிவு செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஊசி முறை உண்டு. 1995-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட முறை இது: முதல் நாள் ஜி.என்.ஆர்.ஹெச், 7 நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின் (இது பெப்டைடு அல்ல), மேலும் 2 நாள் கழித்து மறுபடி ஜி.என்.ஆர்.ஹெச். அதிலிருந்து 16 முதல் 20 மணி நேரத்தில் சினை ஊசி. பருவம் வந்ததா என்று ராத்திரி பகலாகக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் எலும்பும் தோலுமாக நிற்கும் மாட்டுக்கு ஊசி மட்டும் அவ்வளவாகப் பலன் தராது. முதலில் பசுந்தீவனம், தாது உப்பு, குடற்புழு நீக்கம், அப்புறம்தான் ஊசி. டாக்டர்கள் தீவனத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

நமக்கும் இதே பாடம்

பருவ வயதில் இந்தத் தாளம் முதலில் நம் தூக்கத்தில்தான் வேகமெடுக்கிறது. ஒல்லியாகணும்னு பட்டினி கிடக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும் தாளம் தளர்வதால்தான். ஆகவே தோழிகளே, காலை டிபனைத் தள்ளாதீர்கள்!

யோசியுங்கள்: புராஸ்டேட் புற்றுநோயில் ஆண் ஹார்மோனைக் குறைக்க, ஜி.என்.ஆர்.ஹெச் போன்ற மருந்தையே விடாமல் கொடுக்கிறார்கள். தூண்டும் மருந்து எப்படி அடக்கும்? விடை இந்தத் தாளிலேயே இருக்கு. கண்டுபிடித்தவர்கள் உயிரியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்!